விமானம் ஒரே இடத்தில் சுற்றுகிறது, வேகம் ஏறி இறங்குகிறது. அவசரம்!

செம்பூர்வாசி:
அம்மா சென்னையிலிருந்து வருகிறார். ஆப்பில் பார்த்தால் விமானம் மும்பைக்கு வராமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வேகம் 270 காட்டுகிறது, அப்புறம் 210, மறுபடி 270. என்ஜின் கோளாறா?

மாட்டுங்கா மாமி:
எவ்வளவு உயரம்? முழு வட்டமா, நீள்வட்டமா? மழை பெய்கிறதா? ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் எப்படிப்பா?

தானே தம்பி:
விஐபி யாராவது வந்திருப்பார். எப்போதும் இதே கதைதான்.

டோம்பிவிலி ராஜா:
எரிபொருளைக் கொட்டிவிட்டு இறங்கப் போகிறார்கள். கோளாறு என்றால் அப்படித்தான் செய்வார்கள்.

ஓடுபாதை27:
ராஜா, தெரியாததைச் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். ஏ320, 737 ரக விமானங்கள் இரண்டிலும் எரிபொருள் கொட்டும் வசதியே கிடையாது. இதை இங்கே எத்தனை தடவைதான் எழுதுவது?

டோம்பிவிலி ராஜா:
ஏ320 என்று அவர் சொன்னாரா?

செம்பூர்வாசி:
9,000 அடி. நீள்வட்டம். இங்கே நல்ல மழை, காற்று. மேற்கே திரும்பினால் வேகம் குறைகிறது.

மாட்டுங்கா மாமி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஆப் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து பலமாகக் காற்று அடிக்கும். எதிர்த்துப் போனால் 210, காற்றோடு போனால் 270. காற்றுக்குள் விமானத்தின் வேகம் சுமார் 240 நாட் (விமான வேகத்தின் அளவு), அது மாறவே இல்லை. என்ஜினுக்கு ஒன்றுமில்லை.

ஓடுபாதை27:
மாமி சொல்வது சரி, ஆனால் பாதிதான். 14,000 அடிக்குக் கீழே காத்திருப்புச் சுற்று ஒன்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம்: திரும்புவதற்கு ஒரு நிமிடம், நேராகப் போக ஒன்று, மறுபடி அதே. ஒன்றின் மேல் ஒன்றாக 1,000 அடி இடைவெளியில் விமானங்கள் நிற்கும். அடியில் இருப்பது இறங்கப் போனால் மேலே உள்ளவை ஒவ்வொரு படியாகக் கீழே வரும். ஒரே ஒரு விமானத்தைக் கொஞ்சம் தாமதிக்க வைக்கத்தான் முழு வட்டம் அடிக்கச் சொல்வார்கள், அதற்கு 2 நிமிடம். அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

செம்பூர்வாசி:
இப்போது 8,000!

மாட்டுங்கா மாமி:
வரிசை நகர்கிறது. கவலைப்படாதே. இறங்கும்போது கடைசிக் கையிருப்பாக 30 நிமிட எரிபொருள் மிச்சம் இருக்கும்படிதான் திட்டமிடுவார்கள். வேறு ஊருக்குத் திருப்பிவிட்டால் அதற்கும் தனியாக உண்டு.

பெங்களூரு பாலா:
மும்பையில்தான் இரண்டு ஓடுபாதை இருக்கிறதே, பிறகு ஏன் இந்தக் கூத்து? எங்கள் ஊரில் 2019லேயே இரண்டாவது வந்துவிட்டது.

தானே தம்பி:
உங்களுடையது இணையாகப் போகிறது. இங்கே இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன, ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும்.

பெங்களூரு பாலா:
அதைத்தானே நானும் சொல்கிறேன், கட்டும்போதே யோசித்திருக்கணும்.

தானே தம்பி:
விமான நிலையத்தைத் தேவனஹள்ளியில் கொண்டுபோய் வைத்தவர்கள் யோசனை பற்றிப் பேசலாமா? ஊருக்குள் வருவதற்குள் விடிந்துவிடும்.

செம்பூர்வாசி:
இறங்கியாச்சு. பெட்டிக்காக நிற்கிறார். நன்றி மாமி.

பெங்களூரு பாலா:
அந்தேரி டிராபிக்கில் நின்றிருக்கிறீர்களா தம்பி?