உழவு இயந்திரத்தின் சில்லு நட்டுகளை எந்த உருக்கில் கடைவது?

கேள்வி: கடைசல் பட்டறை, திருகோணமலை

அனைவருக்கும் வணக்கம். மூதூரிலிருந்து வந்த விவசாயி ஒருவர், தமது பழைய மாசி பேர்குசன் 135 உழவு இயந்திரத்தின் பின்சில்லு நட்டுகளைப் புதிதாகக் கடைந்து தருமாறு கேட்டிருக்கிறார். மரைமானி வைத்துப் பார்த்ததில் ஸ்டட்டின் (நட் ஏறும் மரைத்தண்டின்) விட்டம் 5/8 அங்குலமாகவும் மரை அங்குலத்துக்கு 18 ஆகவும் இருக்கின்றன, எனவே யூ.என்.எஃப் மரை (அங்குல அளவிலான நுண்மரை) என்பதில் ஐயமில்லை. அவர் தேடிய கடைகளில் கிடைத்தவையெல்லாம் மெட்ரிக் நட்டுகள். பட்டறையில் மைல்ட் ஸ்டீல் தண்டும், படகு ஒன்றிலிருந்து கழற்றிய ஸ்டெயின்லெஸ் சுழலித் தண்டும், லொறியின் பழைய ஹாஃப் ஷாஃப்ட் (சில்லைச் சுழற்றும் அச்சுத்தண்டு) ஒன்றும் கிடக்கின்றன. உப்புக் காற்றில் கறள் பிடிக்காது என்பதால் ஸ்டெயின்லெஸ் நல்லதென்று அவர் கருதுகிறார். ஈ.என் 24 என்ற கலப்பு உருக்கை வாங்கினால்தான் பயமில்லை என்கிறார் இன்னொருவர். தங்கள் கருத்து என்ன?

மறுமொழி: பழைய கடைசல்காரர், சீனக்குடா

தம்பி, முதலில் ஸ்டட்டின் தரத்தை அறிந்துகொள்ளுங்கள். நட்டின் வலிமை ஸ்டட்டுக்கு ஈடாக இருந்தால் போதும். கடினத்தில் ஸ்டட்டை மிஞ்ச வேண்டியதில்லை. மரை தேய வேண்டிய நிலை வந்தால் கழற்றி மாற்றக்கூடிய நட்டில்தான் அது தேய வேண்டும், ஏனெனில் ஸ்டட்டை மாற்றுவதற்குச் சில்லையே கழற்ற வேண்டியிருக்கும்.

மைல்ட் ஸ்டீலை ஒதுக்கிவிடுங்கள். இறுக்கும்போதே அதன் மரை இழுபட்டுப் போகும். ஸ்டெயின்லெஸ்ஸும் வேண்டாம். 304, 316 வகைகள் வலிமையில் குறைந்தவை என்பதோடு, கடற்காற்றில் ஸ்டெயின்லெஸ் நட்டும் கார்பன் உருக்கு ஸ்டட்டும் சேர்ந்திருந்தால் நட் பளபளப்பாகவே இருக்க, அரிப்பு முழுவதும் ஸ்டட்டின் மீது விழும்.

எனது தெரிவு ஈ.என் 19 என்ற கலப்பு உருக்கு, அதுவும் "டி" நிலையில், அதாவது ஆலையிலேயே சூடேற்றித் தணித்துப் பதப்படுத்தி விற்கப்படுவது. அதன் இழுவலிமை 850 முதல் 1000 மெகாபாஸ்கல் வரை, பிரினெல் கடினம் 248 முதல் 302 வரை இருக்கும். அந்த நிலையிலேயே கடையலாம். கடைந்த பிறகு சூடேற்றித் தணிக்க வேண்டாம், ஆகவே சில்லின் துளையில் அமரும் நட்டின் கூம்பு முகம் கோணவும் மாட்டாது, செதிள் பிடிக்கவும் மாட்டாது. ஈ.என் 24 "டி" நிலையிலும் இதே வலிமைதான் உண்டு. அதன் மேன்மை பருத்த தண்டுகளில் உள்வரை வலிமை நிற்பதே. நட்டுக்கு வாங்கும் மெல்லிய தண்டில் அந்த மேன்மைக்கு வேலையில்லை, காசுதான் கூடும். ஸ்டட் எஸ்.ஏ.ஈ கிரேட் 5 (நடுத்தர வலிமைத் தரம்) அளவிலானதென்று உறுதியாகத் தெரிந்தால், "டி"யை விடக் குறைந்த வலிமைக்குப் பதப்படுத்திய "ஆர்" நிலையிலுள்ள ஈ.என் 8 என்ற நடுத்தரக் கார்பன் உருக்குக் கூடப் போதுமானது.

38 மில்லிமீற்றர் தண்டை ஹை ஸ்பீட் உருக்குக் கருவியால் கடைவதாயின் நிமிடத்துக்கு 150 சுற்றளவில் ஓட்டுங்கள். மரை இடுவதற்கு 14.5 மில்லிமீற்றர் துளை போதும். துளையையும் மரையையும் கூம்பையும் ஒரே பிடிப்பில், தண்டை சக்கிலிருந்து கழற்றாமல் முடித்துவிட வேண்டும். திருப்பிப் பிடித்துக் கூம்பு வெட்டினால் அது மரைக்கு நடுவாக அமையாது. அத்தகைய நட் ஒரு பக்கம் மட்டும் அமர்ந்து, நாளடைவில் தானாகவே தளரும்.

மறுமொழி: கந்தளாய் கராஜ்

ஹாஃப் ஷாஃப்ட்டை ஏன் வீணாக்க வேண்டும்? அது நல்ல உருக்குத்தானே. எங்கள் பகுதியில் பலரும் அதிலேயே நட் கடைகிறார்கள்.

மறுமொழி: பழைய கடைசல்காரர், சீனக்குடா

நல்ல உருக்கு என்பதை மறுக்கவில்லை. எந்த உருக்கு என்பதுதான் நமக்குத் தெரியாது. பல ஷாஃப்ட்டுகளின் மேற்பரப்பை மட்டும் தூண்டல் முறையில் (மின்காந்தத் தூண்டலால் சூடேற்றி) கடினமாக்கியிருப்பார்கள். அரம் மேலே வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே வேறு கடினம் இருக்கும். நெருப்பில் போட்டு இளக்கினால் கடைவது எளிதாகும், ஆனால் தொழிற்சாலையில் ஏற்றிய வலிமையும் போய்விடும். இழுவைப் பெட்டிக்குக் கொக்கி செய்யப் பயன்படுத்துங்கள். சில்லு நட்டுக்கு வேண்டாம்.

மறுமொழி: பொறியியல் ஆசிரியர், உப்புவெளி

மேற்கூறியவற்றை ஏற்கிறேன். ஆயினும் பழைய நட்டுகள் ஏன் பழுதாயின என்பதை ஒருவரும் கேட்கவில்லை. சில்லைப் பிடித்திருப்பது இறுக்கத்தால் ஸ்டட்டில் உண்டாகும் இழுவிசை. அது குறைந்தால் எந்த உருக்கில் கடைந்த நட்டும் நிலைக்காது. சில்லுத் தட்டின் துளைகளிலுள்ள கூம்பு இருக்கைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதிய நட்டின் கூம்பில் நீல மையை மெல்லியதாகப் பூசி, இருக்கையில் வைத்துச் சிறிது திருகிக் கழற்றினால், மை முழு வளையமாகப் பதிந்திருக்க வேண்டும். பிறைபோல் ஒரு பக்கம் மட்டும் பதிந்தால் கோணம் பொருந்தவில்லை அல்லது தட்டுப் பழுதாகிவிட்டது. கூம்பின் கோணத்தைப் பழைய நட்டைப் பார்த்து ஊகிக்காதீர்கள், அதுவும் தேய்ந்திருக்கும், தட்டிலேயே அளந்துகொள்ளுங்கள்.

கறளுக்கு அஞ்சி மரையில் கிறீஸ் பூசுவோர் உண்டு. உராய்வு குறைவதால் அதே திருகுவிசையில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. உலர்ந்த மரைக்கென்று கைந்நூலில் தந்துள்ள அளவு கிறீஸ் பூசிய மரைக்குப் பொருந்தாது. இறுக்கிய பிறகு வெளிப்புறத்தில் வண்ணம் பூசினாலே கடற்கரை ஓட்டத்துக்கு ஓரளவு போதும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தட்டைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு துளைகள் நீள்வட்டமாகவே இருக்கின்றன. தட்டை மாற்ற உரிமையாளர் இணங்கியிருக்கிறார். ஈ.என் 19 தண்டுக்குச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் கோணத்தைப் புதிய தட்டில் அளந்து கடைவேன்.