ஏழேகாலுக்கு வீட்டில எண்டா பிளேன்டீ எப்ப குடிச்சது?

பழைய லுமாலா:
நேற்று எங்கட சைக்கிள் ரைட் குழுவில கார்பன் தம்பி போட்ட வீரகாவியத்தை வாசிக்காத ஆக்களுக்காக அப்பிடியே தாறன்: "நாலரைக்கு வெள்ளவத்தையில இருந்து வெளிக்கிட்டம். நீர்கொழும்பு போய்த் திரும்ப 88 கிலோமீற்றர். சராசரி வேகம் 32. லெல்லம மீன் சந்தையடியில சூடா ஒரு பிளேன்டீ. ஏழேகாலுக்கு வீட்டில, பிள்ளையள் எழும்ப முந்தி. குடும்பத்தால பயிற்சிக்கு நேரமில்லை எண்டு சொல்லுற அப்பாமார் சுத்தச் சோம்பேறியள்."

சோம்பேறிக் கதையைப் பிறகு பாப்பம். எனக்கு ஒரு கேள்விதான். 88ஐ 32ஆல பிரிச்சா ரெண்டே முக்கால் மணித்தியாலம். நாலரையோட அதைக் கூட்டினா ஏழேகால். சரியாத்தான் வருது. அப்ப பிளேன்டீயை எப்ப குடிச்சனீங்கள்? ஓடிக்கொண்டோ?

கார்பன் காதலன்:
அண்ணை, சைக்கிள் நிண்டா அதில பூட்டின கார்மின் மீற்றரும் தன்ர பாட்டில நிண்டிடும். ஓட்டத்தைப் பதியிற ஸ்ட்ராவா ஆப்பும் ஓடின நேரத்தைத்தான் எடுக்கும். உலகம் முழுக்க இப்பிடித்தான் சராசரி பாக்கிறது. உங்கட பழைய லுமாலாச் சைக்கிளில மீற்றர் இல்லாதபடியா உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

பழைய லுமாலா:
மீற்றர் நிக்கும் தம்பி. வீட்டுச் சுவர் மணிக்கூடும் நிக்குமோ? நீர் எழுதினது "ஏழேகாலுக்கு வீட்டில". அது கார்மின் ஏழேகாலோ, மனுசி பாக்கிற ஏழேகாலோ?

கொட்டாஞ்சேனை:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. பிளேன்டீயே குடிக்கலனு வைங்க, அப்பவும் 32 எப்படி வரும்? அந்த நேரத்துல பேலியகொடை மீன் மார்க்கெட் பக்கம் லொறி போற போக்குக்கு நான் உயிரைக் கையில புடிச்சிட்டுப் போவேன். அப்புறம் வத்தளை, கந்தானை, ஜாஎல, சீதுவைனு வரிசையா சிக்னல். கட்டுநாயக்க ஹைவேயில சைக்கிள் விட மாட்டாங்க. பறந்து போனாரா?

கார்பன் காதலன்:
ஏ3 ரோட்டால போனாத்தானே சிக்னல்? நாங்கள் ஹெந்தளையில திரும்பி உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம பக்கத்தால ஹமில்டன் கால்வாயை ஒட்டிப் போறம். அங்க நாயைத் தவிர ஒருத்தரும் மறிக்க மாட்டினம். தெரியாட்டிக் கேட்டுப்போட்டு எழுதுங்கோ.

எதிர்க்காற்று:
ரோட்டை விடுங்கோ, காத்தைப் பாருங்கோ. இது தென்மேல் பருவக்காத்துக் காலம். நீர்கொழும்பு வடக்க இருக்கு. போகேக்க காத்து முதுகில தள்ளும், அந்த நேரம் எல்லாரும் வீரர்தான். வரேக்க முகத்தில அடிக்கும். காத்துத் தடைக்குக் குடுக்கிற சக்தி வேகத்தின்ர மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 27இல இருந்து 32க்குப் போக, காத்துக்கு மட்டும் ஒண்டரை மடங்குக்கு மேல மிதிக்க வேணும். கார்பன் பிறேம் இதை மாத்தாது.

கார்பன் காதலன்:
தனிய ஓடினாத்தானே அந்தக் கணக்கு? நாங்கள் வரிசையா, ஆளாள் மாறி முன்னுக்கு இழுத்து ஓடினனாங்கள். பின்னுக்கு ஒட்டி வாறவருக்குத் தடை கால்வாசிக்கு மேல குறையும். இதையும் உங்கட விஞ்ஞானத்தில சேருங்கோ.

எதிர்க்காற்று:
ஆளாள் மாறியோ? நானும் உங்களோட ஹன்வெல்லைக்கு வந்தனான். நீங்கள் முன்னுக்கு வந்ததை நான் ஒருக்காலும் காணேல்லை. உங்கட முறை வர "செயின் இறங்குது" எண்டு பின்னுக்குப் போயிடுவீங்கள். வெள்ளவத்தைக் கடல் உப்புக்கு எல்லாற்ற செயினும்தான் கறள் பிடிக்குது.

பழைய லுமாலா:
காத்து, உப்பு எல்லாம் சரி. பிளேன்டீக்கு மறுமொழி வரேல்லை. மீன் சந்தையடியில நிண்டு, வரிசையில காசு குடுத்து, சூடு ஆறவிட்டு, படமெடுத்து, படத்தை ஏத்தி... அரை மணித்தியாலம் போயிருக்கும். 88ஐ மூண்டேகாலால பிரியுங்கோ. 27.

கார்பன் காதலன்:
பத்து நிமிசம்.

பழைய லுமாலா:
பத்து நிமிசமெண்டாலும் ஏழு இருபத்தைஞ்சு. ஏழேகால் இல்லை.

மூன்றாம் மாடி:
இடையில வாறதுக்கு மன்னிக்க வேணும். என்ர மனுசனும் உங்கட குழுவிலதான் ஓடுறார். உங்கட வீடுகளில ஏழேகால் எண்டுறது கேற்றடி நேரம். அதுக்குப் பிறகு சைக்கிளைத் துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, குளிச்சு, "கால் இழுக்குது" எண்டு சோபாவில சரிஞ்சா ஒன்பதரை. மகளுக்கு ஸ்கொலர்ஷிப் வகுப்பு எட்டு மணிக்கு. கொண்டு போய் விடுறது நான். வரேக்க பாணும் வாங்கி, வந்து சம்பல் இடிக்கிறதும் நான். எனக்கும் சைக்கிள் ஓட விருப்பம்தான். சுதந்திர சதுக்கத்தைச் சுத்தப் போற நேரம் எனக்குப் பத்து மணி வெயிலில கிடைக்குது. நாலரை மணிக்குக் குளிர்ச்சியில ஓடுறவை மற்றவையைச் சோம்பேறி எண்டுறது நல்ல பகிடி.

கார்பன் காதலன்:
அக்கா, என்ர வீட்டில அப்பிடிப் பிரச்சினை ஒண்டும் இல்லை. முதல் நாள் இரவே மனுசியிட்டச் சொல்லிப்போட்டுத்தான் படுக்கிறனான்.

மூன்றாம் மாடி:
சொல்லுறது வேற, கேக்கிறது வேற தம்பி.

பழைய லுமாலா:
அந்தத் தங்கச்சி சொல்லுறது நியாயம். அதைத்தான் நானும் கேக்கிறன். கேற்றடிக்கு ஏழேகால் எண்டா, பிளேன்டீ எங்க போச்சு?

மருதானை மச்சான்:
நான் சுபஹ் தொழுதுட்டுத்தான் வெளிக்கிடுற. அதனால நாலரைக் குழுவோட சேர ஏலாது. ஆனா அண்டைக்கி இவங்க திரும்பி வரக்குள்ள வத்தளையில கண்டேன்.

பழைய லுமாலா:
எத்தினை மணிக்கு?

மருதானை மச்சான்:
நேரம் பார்க்கல்ல. ஆனா நல்ல வெயில்.

பழைய லுமாலா:
இது போதும். இப்ப படத்துக்கு வருவம். 32இல போனா லெல்லமவுக்கு ஆறு மணிக்கு முன்னமே போயிருக்க வேணும். கொழும்புப் பக்கம் வருசம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் எழும்புது. உங்கட படத்தில பிளேன்டீக் கோப்பையின்ர நிழல் மேசையில நீளத்துக்கு விழுந்து கிடக்கு. வெயில் வராம நிழல் எங்கால?

கார்பன் காதலன்:
அது கடை லைட் வெளிச்சம்.

பழைய லுமாலா:
கடை லைட் கிழக்க இருந்தோ அடிச்சது?

ஹட்டன்காரன்:
நீர்கொழும்புக்கு இவ்வளவு சண்டையா? தட்டையான ரோட்டுல 27 என்ன, 32 என்ன. கினிகத்தேனையில இருந்து ஹட்டன் வரைக்கும் ஏறிட்டு வந்து சராசரியைப் பேசுங்க. அதுக்கும் முடியலனா கடுகண்ணாவை ஏத்தத்துலயாவது காலைக் கீழ ஊனாம ஏறிக் காட்டுங்க.

பழைய லுமாலா:
தம்பி, ஏத்தம் இல்லாட்டிச் சைக்கிள் இல்லை எண்டு நினையாதேங்கோ. தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவிடாம மறிச்ச காலத்தில ஊரே சைக்கிளிலதான் இருந்தது. கெரியரில விறகு, பாரில பிள்ளை, ஹாண்டிலில மண்ணெண்ணெய்க் கான், பின்னுக்கு மனுசி. பொம்மர் சத்தம் கேட்டா இறங்கி ஓட வேணும், பிறகு வந்து திரும்ப மிதிக்க வேணும். ஆரும் சராசரி எழுதி வைக்கேல்லை. குடும்பத்துக்கு நேரமில்லை எண்டும் ஆரும் சொல்லேல்லை, குடும்பமே சைக்கிளிலதானே இருந்தது! 2022இல பெற்றோல் வரிசை வந்தாப் பிறகு சைக்கிள் வாங்கின ஆக்கள் எங்களுக்குச் சோம்பேறிப் பட்டம் தர வெளிக்கிட்டாச்சு.

கார்பன் காதலன்:
நான் 2022க்கு முன்னமே வாங்கிட்டன். விலை ஏற முந்தி.

கொட்டாஞ்சேனை:
விலைனு பேச்சு வந்ததால கேட்கிறேன். எதிர்க்காற்று அண்ணன், ஹன்வெல்லையில பங்சர் ஆகி நடுரோட்டுல நின்னீங்களே, அப்ப என் புது டியூபைத்தான் கழட்டிக் குடுத்தேன். மும்மடி கணக்கெல்லாம் தெரியுது, டியூப் கணக்கு மட்டும் மறந்து போச்சா?

எதிர்க்காற்று:
மறக்கேல்லை. அந்த டியூப் வீடு வரமுந்தியே காத்துப் போட்டுது. பழுதான சாமானுக்கு ஆர் திருப்பிக் குடுக்கிறது?

கொட்டாஞ்சேனை:
டயருக்குள்ள முள்ளை எடுக்காம டியூபை மாத்துனா பின்ன போகாம என்ன செய்யும்?

ஹட்டன்காரன்:
நல்லா இருக்கு. ஆளுக்கொரு கார்பன் சைக்கிள், டியூபுக்கு வழக்கு.

கார்பன் காதலன்:
இதுதான் எங்கட ஆக்களின்ர குணம். ஒருத்தன் கொஞ்சம் முன்னுக்குப் போனா நாலு பேர் சேந்து காலை இழுப்பினம். நான் விடிய எழும்பிறன், ஓடுறன், வேலைக்கும் போறன். பொறாமை.

பழைய லுமாலா:
பொறாமை எண்டே வைப்பம். 32க்கும் பொறாமை, கார்பனுக்கும் பொறாமை. பிளேன்டீ எப்ப குடிச்சது?

கார்பன் காதலன்:
சரி அண்ணை, உங்கட வாய்க்காகச் சொல்லுறன். நான் பாதிதான் குடிச்சனான்.

பழைய லுமாலா:
பாதி குடிக்கவும் நிக்கத்தானே வேணும்!

மருதானை மச்சான்:
லெல்லமவுல பிளேன்டீ நல்லா ஈக்கா? அந்தப் பக்கம் போனா எந்தக் கடைன்னு சொல்லுங்க.

பழைய லுமாலா:
இவரிட்டக் கேளாதேங்கோ. இவர் நிக்காமலே குடிச்சவர், கடையைப் பாத்திருக்க மாட்டார்.

மூன்றாம் மாடி:
நான் கேட்டதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. வாற ஞாயிறு என்ர மனுசன் ரைட்டுக்கு வரமாட்டார். நாலரைக்கு நான் ஓடப் போறன். ஆரும் கோல் பண்ணி எழுப்ப வேண்டாம்.

கார்பன் காதலன்:
ஐயோ அக்கா, அவர்தானே எங்களுக்கு முன்னுக்கு இழுக்கிறவர்!

எதிர்க்காற்று:
பாத்தீங்களோ? தன்ர வாயாலயே ஒப்புக்கொண்டிட்டார். இழுக்கிறது ஆரோ, 32 இவருக்கு.

கார்பன் காதலன்:
நான் அப்பிடிச் சொல்லேல்லை. திரிக்காதேங்கோ.

பழைய லுமாலா:
ஸ்ட்ராவாவில ஓடின நேரத்துக்குப் பக்கத்தில மொத்த நேரமும் இருக்கும். அதை ஒரு படம் எடுத்து இதில போடும். நான் வாயை மூடுறன்.

கார்பன் காதலன்:
நான் ஏன் உங்களுக்குக் காட்ட வேணும்? நீங்கள் என்ன பொலிசோ?

பழைய லுமாலா:
காட்ட மாட்டார். எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ.

எதிர்க்காற்று:
கொட்டாஞ்சேனை, ஞாயிறு டியூப் கொண்டு வாறன், சரியோ? குட்டை வால்வுதான் இருக்கு.

கொட்டாஞ்சேனை:
என் ரிம்முக்குக் குட்டை வால்வு வெளியவே தெரியாது, பம்பு எங்க மாட்டுறது? நான் குடுத்தது நீள வால்வு. நீள வால்வுதான் வேணும்.