வீட்டில் டிவி இல்லை என்று தெரிந்ததும் எதிரே இருந்தவர் என்ன செய்தார்?

சுவரோரம்:
டிவி பழுதானது, சரிசெய்யவில்லை, நான்கு வருடம் ஓடிவிட்டது. ஏன் எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது பெரியம்மா வந்த நாளைப் பற்றி.

ஹாலில் உட்கார்ந்ததும் அவர் கண் தானாகச் சுவருக்குப் போனது. டிவி மாட்டியிருந்த இடத்தில் நான்கு ஓட்டை. சுற்றிலும் பெயின்ட் மங்கிவிட்டது, அந்தச் சதுரம் மட்டும் நேற்று அடித்த மாதிரி இருக்கும். "ரிப்பேருக்குக் கொடுத்திருக்கியா?" என்றார். இல்லை பெரியம்மா, வேண்டாமென்று விட்டுவிட்டோம் என்றேன். "சரி சரி" என்றார். நம்பாதவர்கள் சொல்கிற சரி சரி.

கிளம்பும்போது செருப்பு மாட்டுகிற சாக்கில் குனிந்து என் மகள் கையைப் பிடித்தார். அவர் போன பிறகு பார்த்தால் அவள் உள்ளங்கையில் நாலாக மடித்த நோட்டுகள், வியர்வையில் நனைந்து. "அம்மாகிட்ட கொடுத்து டிவி வாங்கச் சொல்லணுமாம், பாட்டி கொடுத்தாங்கன்னு சொல்லக்கூடாதாம்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

திருப்பிக் கொடுத்தால் அவருக்குச் சங்கடம், வைத்துக்கொண்டால் எனக்கு. இரண்டு வருடமாக பீரோவில்தான் இருக்கிறது. இப்போதும் போனில் "சௌகரியமா இருக்கீங்கதானே?" என்று இரண்டு முறையாவது கேட்பார்.

ஜன்னல்கம்பி:
உங்களுக்குப் பெரியம்மா. எனக்கு எதிர்வீட்டு ஜன்னல்.

பையனுக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலம் பால்கனியில் நின்றபடியே இருப்பான். காற்று வாங்குகிறான் என்று நினைத்தேன். ஒருநாள் துணி எடுக்கப் போனபோதுதான் அவன் முகத்தில் நீலமும் சிவப்பும் மாறிமாறி விழுவது தெரிந்தது. எதிர்வீட்டில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்காது. அதனால் அவனே பூனைக்கு ஒரு குரல், எலிக்கு ஒரு குரல் வைத்துப் பேசிக்கொண்டிருந்தான்.

மறுநாள் அந்த வீட்டில் திரை போட்டுவிட்டார்கள். தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் அதற்குப் பிறகு அந்த அம்மாளை லிஃப்டில் பார்த்தால் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

மூன்றாவதுநாற்காலி:
ஜன்னல்கம்பி, கோபிக்காதீர்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? கதவைத் தட்டி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டிருக்கலாமே.

இன்னொன்றும் கேட்கிறேன். டிவி இல்லை, டிவி இல்லை என்கிறோமே, இதை எல்லோரும் எதில் தட்டிக்கொண்டிருக்கிறோம்? எங்கள் வீட்டிலும் டிவி இல்லை. போன மாதம் ஒரு ராத்திரி கூடத்தில் நாலு பேர், நாலு போன், நாலு ஜோடி இயர்போன். மகன் திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தான். என்னடா என்றேன். "ஒண்ணுமில்லப்பா, சொன்னா உங்களுக்குப் புரியாது" என்று இயர்போனை மறுபடி மாட்டிக்கொண்டான். டிவி இருந்த காலத்தில் மட்டமான ஜோக்குக்குக்கூட எல்லோரும் ஒன்றாகத்தான் சிரிப்போம். சேனல் மாற்றச் சண்டை போட்டாலும் ஒரே பெட்டிக்கு முன்னால் நின்றுதான் போட்டோம். ரிமோட்டை நான் சோபா இடுக்கில் ஒளித்துவைப்பேன், அவன் கண்டுபிடிப்பான். அதெல்லாம் போய், புரியாது என்று ஒரு வார்த்தை.

ஜன்னல்கம்பி:
பெருமைப்பட்டேன் என்று எங்கே எழுதினேன்? மறுபடி படியுங்கள்.

வியாழக்கிழமை:
புதிதாக முயற்சி செய்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று சில விஷயங்கள் சொல்கிறேன்.

ஒரே நாளில் தூக்கி எறியாதீர்கள். முதலில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் அணைத்துவையுங்கள். ஐஸ்லாந்தில் 1987 வரை வியாழக்கிழமைகளில் அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பே கிடையாது, ஒரு நாடே அப்படி இருந்திருக்கிறது. (என் பெயருக்குக் காரணம் அதுதான்.) அப்புறம் நாற்காலிகளைத் திருப்புங்கள். டிவியை எடுத்த பிறகும் சோபா அதே வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், வருகிறவர்கள் சுவரோரம் அவர்களின் பெரியம்மா மாதிரி ஓட்டையைத்தான் எண்ணுவார்கள். ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடியுங்கள், கேள்வி பாதியாகக் குறையும்.

குழந்தைகள் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது இதுதான்: ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. திரை என்றால் டிவி மட்டுமில்லை, மூன்றாவதுநாற்காலி சொல்கிற போனும் அதில் வரும். யாரும் பார்க்காமல் டிவி சும்மா ஓடினாலும் குழந்தை நிமிர்ந்து நிமிர்ந்து பார்க்கும், கையிலிருக்கிற விளையாட்டு அறுந்துபோகும். பின்னணியில் சத்தம் வேண்டுமென்றால் ரேடியோ வையுங்கள். செய்திக்கு நேரம் ஒதுக்குங்கள். வேண்டாத டிவியைக் குப்பையில் போடாதீர்கள், பழைய டியூப் டிவியின் கண்ணாடியில் ஈயம் உண்டு, மின்கழிவு வாங்குகிறவர்களிடமே கொடுங்கள்.

என் அனுபவம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. என் மனைவி மட்டும் வெள்ளிக்கிழமை சீக்கிரமே எழுந்துவிடுவார். வியாழன் விட்டுப்போன தொடரைப் பார்க்க என்று பிறகு தெரிந்தது.

சுவரோரம்:
நன்றி. ஆனால் நான் யோசனை கேட்கவில்லை. ஓட்டை இருந்துவிட்டுப் போகட்டும். பீரோவில் இருக்கிற பணத்தை என்ன செய்வது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசிஅறை:
பணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. இதைப் படித்ததும் அம்மா ஞாபகம் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா போன பிறகு அம்மாவை எங்களோடு கூட்டி வந்தோம். டிவி இல்லை என்று முன்பே சொல்லியிருந்தேன். "அதனால என்ன, எனக்கு நீங்க இருக்கீங்களே" என்றார். முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பகலில் நாங்கள் இருவரும் வேலைக்கு, மகள் பள்ளிக்கு. சாயங்காலம் வந்தால் அம்மா கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். படித்தீர்களா, தூங்கினீர்களா என்றால் ம் என்பார்.

ஒருநாள் ராத்திரி கடைசி அறையில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தேன். இருட்டில் என் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வருஷக்கணக்காகப் பார்த்துவந்த தொடர், எங்கள் வீட்டுக்கு வந்ததால் பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை அவரே கட்டி முடித்துக்கொண்டிருந்தார். மூத்த மருமகளைக் கொடுமைப்படுத்திய நாத்தனாரைத் திருத்திவிட்டார், காணாமல்போன தம்பியைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். மகள் "அப்புறம் பாட்டி?" என்றபடி இருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பார், டிவி இல்லாததால்தானே இது என்று என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லவும் சொன்னேன்.

அடுத்த மாதம் அம்மா பெட்டியைக் கட்டிவிட்டார். இங்கே ஏதாவது குறையா என்று கேட்டேன். "குறையெல்லாம் இல்லம்மா. அங்கன்னா வீட்டுல பேச்சுக்குரல் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார்.

அந்த வீட்டில் அவரைத் தவிர யாருமில்லை.

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். நான் படியிறங்கும் முன்பே உள்ளே டிவி போடுகிற சத்தம் கேட்டது.

சுவரோரம்:
கடைசிஅறை, இப்போது எப்படி இருக்கிறார்?

கடைசிஅறை:
நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கூப்பிட்டால், அந்த வாரம் தொடரில் நிஜமாக என்ன நடந்தது என்று சொல்வார். நீங்கள் சொன்ன கதைதான் நல்லா இருந்தது பாட்டி என்பாள் இவள்.