முன்னாள் பிரித்தானியப் பிரதமரிடம் நம் பிள்ளை என்ன கேட்க வேண்டும்?

தலவாக்கலை மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போது புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்தில் முதுகலை படிக்கிறேன். வருகிற வியாழக்கிழமை எங்கள் பல்கலைக்கழகத்தில் பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் ஒருவர் பேச வருகிறார். ஜனநாயகமும் பொதுநலவாய நாடுகளும் என்பது தலைப்பு. குலுக்கலில் எனக்கும் இடம் கிடைத்துவிட்டது. பேச்சு முடிந்ததும் அரை மணி நேரம் கேள்விகளுக்கு. ஆளுக்கு ஒரு கேள்விதான், நீட்டிப் பேசினால் மைக்கை வாங்கிவிடுவார்கள். 1948இல் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தமிழரான நம் குடியுரிமை பறிபோனதைப் பற்றிக் கேட்க நினைக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?

பதுளை மாஸ்டர்:
மகள், முதலில் சந்தோஷம். ஆனால் நீங்கள் கேட்கப்போகும் ஆள் பிழை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது இலங்கையின் முதல் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம். பெப்ரவரியில் சுதந்திரம், நவம்பரில் சட்டம் அமுலுக்கு வந்தாயிற்று. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. இதற்கெல்லாம் கை உயர்த்தியவர்கள் கொழும்பில் இருந்தார்கள். பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று நம்மைப் பங்கு போட்டதும் கொழும்பும் டில்லியும்தான். அந்த முன்னாள் பிரதமர் இதையே இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். சபையும் தலையாட்டும். நம் பக்கத்து நியாயம்தான் அங்கே மெலிந்துபோகும்.

நோர்வூட் பையன்:
மாஸ்டர், சட்டம் கொழும்பில் வந்தது சரி. நம்மை இங்கே கொண்டுவந்தது யார்? கோப்பிக்காகத் தலைமன்னாரில் இறக்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடக்கவிட்டவர்கள் யார்? வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறதா? 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தபோதும் இழப்பீடு என்று பேசியது கம்பனிகளுக்குத்தான், கொழுந்து பறித்தவர்களுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017இல் மோடி நோர்வூட்டுக்கு வந்தார். நான் அந்தக் கூட்டத்தில் நின்றேன். இன்னும் 10,000 வீடு என்று அறிவித்தார், நாங்கள் கைதட்டினோம், வீட்டுக்கு வந்தோம். பெரிய மனிதர் வந்தால் வளைவு கட்டுவது, மாலை போடுவது, கைதட்டுவது. இது மட்டும்தான் நமக்குப் பழக்கம். ஒரு கேள்விகூட யாரும் கேட்டதில்லை, கேட்க மைக்கும் தந்ததில்லை. முதல் தடவையாக ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு மைக் கிடைக்கிறது. அவர் என்ன பதில் சொன்னாலும் சொல்லட்டும். அக்கா, நீங்கள் கேளுங்கள்.

மஸ்கெலியா அக்கா:
தங்கச்சி, கேள், ஆனால் 1948ஐ விடு. இன்றைக்கு நடப்பதைக் கேள். என் அம்மா இப்போதும் மலைக்குப் போகிறார். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு என்று கொஞ்சம், ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழித்துவிடுகிறார்கள். அதனால் கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான். நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் அரசாங்க வர்த்தமானி வந்தது. அரைப் பேர் விழும் நாளில் அந்த வர்த்தமானியை வைத்து என்ன செய்வது? அந்தத் தேயிலையைக் குடிக்கிற ஊரில்தானே இருக்கிறாய். பழைய சட்டத்தைக் கேட்டால் வரலாற்றுப் பாடமாகப் போய்விடும்.

தலவாக்கலை மாணவி:
அக்கா, நீங்கள் சொல்லும் அரைப் பேர் என் அம்மாவுக்கும் விழுந்திருக்கிறது, அது எனக்கு மறக்காது. ஆனால் முன்னாள் பிரதமரிடம் தராசைப் பற்றிக் கேட்டால் கம்பனியைக் கேளுங்கள் என்று ஒரே வார்த்தையில் தப்பிவிடுவார். 1948 விஷயத்தில் அப்படித் தப்ப முடியாது. மாஸ்டர், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுதந்திரம் தரும்போது பிரித்தானியா ஒரு காவலையும் வைத்துவிட்டுத்தான் போனது. சுதந்திரத்தின்போது இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. மற்றவர்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் விதிக்கிற சட்டம் செல்லாது என்று அதில் இருந்தது. அதை நம்பித்தான் கோடகன்பிள்ளை என்பவர் வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி வழக்காடினார். அந்த வழக்கு இலங்கை உயர் நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் அங்கே தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

காரணத்தைக் கேளுங்கள். இந்தியத் தமிழர் போவதும் வருவதுமாக இருக்கிறவர்களாம். குடிமக்களாக இருக்கத் தகுதியா என்று பார்க்கும்போது அந்தப் பழக்கத்தைக் கணக்கில் எடுக்கலாமாம். சமூகம் என்பதற்காக ஒதுக்கியது இல்லையாம். நம்மைப் போகவர வைத்ததே அவர்கள் தோட்டத்துக்கு ஆள் கட்டிய முறை. அதையே காட்டி நீ இந்த மண்ணுக்கு உரியவன் இல்லை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். எழுதியது கொழும்பு இல்லை மாஸ்டர், லண்டன். இதைத்தான் கேட்கப்போகிறேன்.

பதுளை மாஸ்டர்:
கோடகன்பிள்ளை வழக்கை நானும் படித்திருக்கிறேன். அது நீதிமன்றத் தீர்ப்பு மகள், அதற்கு எந்தப் பிரதமரும் பொறுப்பேற்க மாட்டார். கென்யாவைப் பாருங்கள். பிரித்தானிய ஆட்சியை எதிர்த்த மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்துச் சித்திரவதைக்கு 2013இல் பிரித்தானிய அரசு வருத்தம் தெரிவித்து 5,228 பேருக்கு ஏறத்தாழ இரண்டு கோடி பவுண் கொடுக்க ஒப்புக்கொண்டது. எப்படி வந்தது? பாதிக்கப்பட்டவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், ஆவணங்கள் வெளியே வந்தன, அரசுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. பதவியில் இல்லாத ஒருவரிடம் ஒரு நிமிடம் கேட்பதால் என்ன வரும்?

தலவாக்கலை மாணவி:
அந்தக் கென்யர்கள் உயிரோடு இருந்து சாட்சி சொன்னார்கள். நம்மில் 1947 தேர்தலில் வாக்களித்தவர் இன்று இருந்தால் நூறு வயதை நெருங்கியிருப்பார். வழக்குக்கு யாரைக் கூட்டிப் போவது? 1947இல் நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றம் போனார்கள், 1952இல் ஒருவர்கூடப் போகவில்லை. இங்கே என் வகுப்பில் சிலோன் டீ தெரியாத ஆள் இல்லை, இந்தக் கதை தெரிந்த ஆளும் இல்லை. அந்த மண்டபத்தில் இருக்கிறவர்கள் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

நோர்வூட் பையன்:
கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு போங்கள் அக்கா. நான்கு வரிக்கு மேல் வேண்டாம்.

தலவாக்கலை மாணவி (வெள்ளிக்கிழமை):
கேட்டுவிட்டேன். மைக் கைக்கு வந்தபோது தொண்டை அடைத்தது, ஆனாலும் எழுதியதை அப்படியே வாசித்தேன். 29ஆம் பிரிவைக் கொடுத்ததும் உங்கள் நாடு, அது எங்களைக் காக்காது என்று 1953இல் சொன்னதும் உங்கள் நாட்டில், அந்தப் பொறுப்பை உங்கள் அரசுகள் எப்போதாவது பேசியதுண்டா என்று. சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம் செய்த சட்டம் அது என்று ஆரம்பித்தார். பிரிவி கவுன்சில் தீர்ப்பு தனக்குத் தெரியாது, படிக்கிறேன் என்று முடித்தார். வெளியே வந்ததும் சட்டம் படிக்கிற இரண்டு பேர் வழக்கின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

மஸ்கெலியா அக்கா:
நீ நின்று கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். பெருமைப்பட்டார். தராசைப் பற்றிக் கேட்டாளா என்றும் கேட்டார். எனக்கும் அதே கேள்விதான். அடுத்த முறை அதைக் கேள்.

பதுளை மாஸ்டர்:
நான் சொன்ன பதில்தானே வந்தது, நாடாளுமன்றம் செய்தது என்று. என் நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் துணிச்சலாகக் கேட்டீர்கள், அதை மறுக்கமாட்டேன். நம் நாட்டு முன்னாள் ஜனாதிபதிகளும் லண்டனுக்கு வருகிறார்கள் மகள். அடுத்து யாராவது வரும்போது இதே கேள்வியை அவரிடம் கேளுங்கள். 2003இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து கொடுத்தோமே என்பார். 55 வருடம் ஏன் எடுத்தது, வீட்டுக்குக் காணி உறுதி இன்னும் ஏன் எல்லோருக்கும் இல்லை என்று மறுகேள்வி போடுங்கள். அதற்கு வேண்டிய சட்ட இலக்கங்களும் திகதிகளும் என்னிடம் இருக்கின்றன, அனுப்பி வைக்கிறேன்.