ஜாங்கோ 5.1: படம் எஸ்3-க்குப் போகல

ராயபுரம்_டெவ்: காசிமேட்டு மீன் கடை ஆர்டர் சைட், ஜாங்கோல (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) பண்ணினது. படமெல்லாம் எஸ்3-ல (அமேசானோட க்ளவுட் சேமிப்பு) சேரணும். அதுக்கான லைப்ரரி ஜாங்கோ-ஸ்டோரேஜஸ், போட்டோ3 ரெண்டும் இருக்கு. செட்டிங்ஸ்ல, ஃபைல் எங்க சேரணும்னு சொல்ற டிஃபால்ட்_ஃபைல்_ஸ்டோரேஜ் எழுதியும் வஞ்சிரம் படம் சர்வர் டிஸ்க்லயே விழுது. எரரும் வரல.

கொருக்குப்பேட்டை_பைத்தான்: அந்த செட்டிங்கையே 5.1ல தூக்கிட்டாங்க ப்ரோ. எழுதினாலும் கண்டுக்காது, அதான் எரர் இல்ல. 4.2ல வந்த ஸ்டோரேஜஸ் டிக்‌ஷனரில 'டிஃபால்ட்'டுக்கு எஸ்3 பேக்கெண்ட் (ஃபைலை எஸ்3-ல சேக்கற கோடு) கொடுங்க. 'ஸ்டேட்டிக்ஃபைல்ஸ்' சாவியையும் கூடவே எழுதணும், விட்டா கலெக்ட்ஸ்டேட்டிக் (சிஎஸ்எஸ், ஜேஎஸ் ஃபைலெல்லாம் ஒரே இடத்துல சேக்கற கமாண்ட்) படுத்துடும்.

ராயபுரம்_டெவ்: ஏறுதுண்ணா! ஆனா பக்கத்தைக் கேஷ் பண்ணியிருக்கேன் (ஒருதடவை உருவான பக்கத்தையே எடுத்து வெச்சு திரும்பக் காட்டும்). காலைல தெரிஞ்ச படம் மதியம் 403 (அனுமதி இல்லன்னு எரர்).

தண்டையார்பேட்டை_ஆப்ஸ்: லிங்க்ல கையெழுத்து (தற்காலிக அனுமதிச் சீட்டு மாதிரி) ஒட்டி வருது, ஆயுசு 3600 விநாடிதான். கேஷ்ல இருக்கறது செத்த லிங்க். மீன் படத்துல என்ன ரகசியம்? பக்கெட்டோட (எஸ்3-ல ஃபைல் வைக்கற இடம்) ப்ளாக் பப்ளிக் ஆக்சஸை, அதாவது பொது அணுகல் தடையைத் தளர்த்தி, பாலிசில அந்த ஃபோல்டருக்கு மட்டும் கெட்ஆப்ஜெக்ட் (ஃபைலைப் படிக்கற) அனுமதி கொடுங்க. அப்புறம் குவரிஸ்ட்ரிங்_ஆத் செட்டிங் ஃபால்ஸ், லிங்க்ல கையெழுத்தே ஒட்டாது. கஸ்டமர் பில்லெல்லாம் இதுல வேணாம், தனி பக்கெட்.

கொருக்குப்பேட்டை_பைத்தான்: ஃபைல்_ஓவர்ரைட்டையும் ஃபால்ஸ் பண்ணுங்க. சும்மா விட்டா அது ட்ரூ. ஒரே பேர்ல ரெண்டு படம் ஏத்தினா முதல் படம் சத்தமில்லாம அழிஞ்சிடும்.