கோழி செத்துக்கிட்டிருக்கு, பிள்ளைக்கும் காய்ச்சல்: பறவைக் காய்ச்சல் மனுசருக்கு மனுசர் ஒட்டுமா?

கேள்வி: கீழச்சிவல்பட்டி மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். கீழச்சிவல்பட்டியத் தாண்டி உள்ள தள்ளி எங்க ஊரு. வீட்டுக்குப் பின்னாடி நாட்டுக்கோழி வளர்க்குறேன், எல்லாம் சிறுவிடை. சேவலும் முட்டையும் காரைக்குடியில ஒரு மெஸ்ஸுக்குப் போகுது. பிள்ளை ஸ்கூல் பீஸு அதுலதான் ஓடுது.

முந்தாநாள் காலையில பஞ்சாரத்தத் தூக்குனா ஒரு வெடக்கோழி செத்துக் கெடந்துச்சு. நேத்து இன்னும் ரெண்டு. அதுல ஒண்ணு கழுத்த முறுக்கிக்கிட்டு சுத்திச் சுத்தி வந்து விழுந்துச்சு. எச்சம் பச்சையும் வெள்ளையுமா இருக்கு. இன்னிக்கு நல்ல சேவல் ஒண்ணு தலையத் தொங்கப் போட்டு நிக்குது. எங்க அத்தை, "சாகுறதுக்குள்ள அறுத்துருவோம், இம்புட்டுக் கறியும் வீணாப் போகுமே"ங்கிறாங்க. அவுங்க காலத்துல அப்படித்தான் செஞ்சிருக்காங்க. நான் வேணாம்னு அருவாமனைய எடுத்து உள்ள வச்சுப் பூட்டிட்டேன்.

யுகேஜி படிக்கிற மகனுக்கு ராத்திரியிலருந்து காய்ச்சல், மூக்கு ஒழுகுது. கோழிக்குக் குருணை போடுறது அவன்தான். செத்த வெடக்கோழியையும் அவன்தான் முதல்ல தூக்கிப் பாத்தான். இதுல சிங்கப்பூர்லருந்து வீட்டுக்காரர் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்காரு, பறவைக் காய்ச்சல் மனுசருக்கு மனுசர் பரவ ஆரம்பிச்சிருச்சுன்னு. அதப் படிச்சதுலருந்து கையி காலு ஓடல.

இது அந்த நோய்தானா? பிள்ளைக்கு வந்தா எங்களுக்கும் ஒட்டுமா? ஊருணிக்கு வர்ற நாரைகதான் கொண்டாந்துருச்சு, வெடி போட்டு விரட்டணும்னு தெருவுல பேசுறாங்க. அது சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: பிராய்லர் கடை, காரைக்குடி

தங்கச்சி, பயப்படாதீங்க. செத்ததக் கொல்லையில ஆழமா தோண்டிப் புதைச்சுருங்க, மிச்சத்த இந்த வாரச் சந்தையில தள்ளிவிட்டுருங்க. யாருகிட்டயும் சொல்ல வேணாம். சொன்னா ஆளுக வந்து சுத்துவட்டாரத்துல உள்ள அம்புட்டுக் கோழியையும் அழிச்சுருவாங்க, ஊரே உங்கள ஏசும். 2006ல மகாராஷ்டிராவுல வந்துச்சுன்னு சொன்னதுக்கே இங்க கறி வாங்க ஆளு வரல. அந்த அடிய நான் பாத்தவன். அதான் சொல்றேன்.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்றக்குடி

மகளே, அந்தச் சேவலை அறுக்க விடாமல் தடுத்தீர்களே, அதற்கே உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். இந்த நோய் மனிதருக்குத் தொற்றிய இடங்களில் திரும்பத் திரும்ப வருவது ஒரே சங்கதி. சீக்குக் கோழியை அறுத்தார்கள், ரோமம் பிடுங்கினார்கள், குடலை உருவினார்கள், செத்ததை வெறுங்கையால் தூக்கினார்கள். நன்றாக வெந்த கறியில் கிருமி நிற்காது. உள்வரைக்கும் 70 டிகிரி சூடு ஏறினால் செத்துவிடும். நம் பக்கத்துக் குழம்பு அதைத் தாண்டித்தான் கொதிக்கிறது. ஆபத்து அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் இருக்கிறது. அத்தையிடம் இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

கடைக்காரத் தம்பி சொன்னதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவர் பட்ட நட்டம் எனக்குத் தெரியும். 2006 பிப்ரவரியில் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் நம் நாட்டிலேயே முதல்முதலாக இந்த நோயைக் கண்டுபிடித்தபோது நாடு முழுக்கக் கோழி வியாபாரம் படுத்தது. ஆனால் சீக்குக் கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஒரு கொல்லையில் இருக்கும் நோய் சாயங்காலத்துக்குள் பத்து ஊருக்குப் போய்விடும். சந்தையில் கூண்டோடு கூண்டு உரசி நிற்கிறது, வாங்கியவர் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு பஸ்ஸில் ஏறுகிறார். ஹாங்காங்கில் 1997இல் முதன்முதலாக 18 பேருக்கு எச்5என்1 என்கிற பறவைக் காய்ச்சல் கிருமி வந்து 6 பேர் இறந்தார்கள். அதுவும் உயிர்க்கோழிச் சந்தைகளை ஒட்டி வந்ததுதான். ஊரில் இருந்த கோழி அத்தனையும், பத்து லட்சத்துக்கு மேல், அழித்த பிறகுதான் அன்றைக்கு நின்றது.

உங்கள் கோழிக்கு என்ன என்று கேட்டால், கழுத்து முறுக்கல், சுற்றுதல், பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல் எல்லாம் சேர்ந்து வெள்ளைக்கழிச்சல் போலத்தான் தெரிகிறது. ராணிக்கட் என்று புத்தகத்தில் எழுதுவது அதைத்தான். நம் சிவகங்கைப் பக்கம் நாட்டுக்கோழியைக் கூண்டோடு வாரிக்கொண்டு போவது பெரும்பாலும் அந்த நோய்தான். மனிதருக்கு அதனால் பெரிய கெடுதல் கிடையாது, கண் சிவந்து சரியாகிவிடும். பறவைக் காய்ச்சலாக இருந்தால் கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து வீங்கும், முகம் உப்பும், காலில் ரத்தம் கட்டினாற்போல் சிவப்புத் திட்டுகள் இருக்கும், அடையாளமே காட்டாமல் மொத்தமாகவும் விழும். ஆனால் இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. என் சர்வீஸ் முழுக்கக் கோழிகளோடு கிடந்தவன் சொல்கிறேன். மாதிரி எடுத்து அனுப்பி, போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் உறுதிசெய்தால்தான் உண்டு.

ஆகவே இன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். போக முடியாவிட்டால் 1962க்கு போன் போடுங்கள். செத்ததைப் புதைக்க அவசரப்பட வேண்டாம். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, கையில் கேரி பேக்கை மாட்டி, அதாலேயே எடுத்து இரண்டு கவரில் போட்டு முடிந்து, நாயும் பூனையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பூனை விஷயத்தை லேசாக நினைக்காதீர்கள். 2024 கடைசியில் நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில், பூனை இனத்தைச் சேர்ந்த மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. சோதித்ததில் எச்5என்1 என்றுதான் வந்தது. பிறகு சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவுங்கள். இந்தக் கிருமியின் மேல்தோல் கொழுப்பு, சோப்பு அதைக் கரைத்துவிடும். மிச்சக் கோழிகளைக் கூட்டிலேயே அடைத்துத் தீனி போடுங்கள். மெஸ்ஸுக்கு முட்டை போவதையும் நிறுத்தி வையுங்கள்.

"அழிச்சுருவாங்க" என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பறவைக் காய்ச்சல் என்று உறுதியானால் மட்டும்தான் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அழிக்கிற கோழிக்கு அரசாங்கம் இழப்பீடு தரும். தானாகச் செத்த கோழிக்குத் தராது. மறைத்து வைத்து எல்லாம் செத்த பிறகு சொன்னால் கையில் ஒன்றும் மிஞ்சாது. சீக்கிரம் சொல்கிறவருக்குத்தான் பணம் மிஞ்சும்.

இனி உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த மெசேஜ். மனிதருக்கு மனிதர் தங்குதடையில்லாமல் எச்5என்1 பரவுகிறது என்பது உண்மையில்லை. தொற்றியதே கிடையாதா என்றால், உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2004இல் தாய்லாந்தில் சீக்கான மகளை ஆஸ்பத்திரியில் மடியில் வைத்துப் பார்த்த தாய்க்கு வந்தது, அந்தத் தாய் இறந்தே போனார். 2006இல் இந்தோனேசியாவில், வடக்கு சுமத்ராவின் காரோவில் ஒரே குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வந்தது. எல்லாம் மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் பக்கத்திலேயே கிடந்து பார்த்துக்கொண்ட சொந்த ரத்தம். அதைத் தாண்டித் தெருவுக்கோ ஊருக்கோ அது போகவில்லை.

ஏன் போகவில்லை என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும். கிருமி உடம்புக்குள் நுழைய உயிரணுவின் மேல் ஒருவகைச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பறவையின் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள வகை நம் மூக்கிலும் தொண்டையிலும் அரிது. நமக்கு அது நுரையீரலின் அடியில் இருக்கிறது, கண்ணிலும் இருக்கிறது. அதனால் கிருமி நிறைய உள்ளே போனால்தான் தொற்றும். தொற்றினால் நுரையீரலின் ஆழத்தில் உட்கார்ந்து ஆளை வாட்டும். ஆனால் இருமலிலும் தும்மலிலும் சாதாரண சளிக்காய்ச்சல் மாதிரி வெளியே தெறிக்காது. 2024 மார்ச்சிலிருந்து அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கே வந்து, பண்ணை ஆட்கள் உட்படச் சுமார் 70 பேருக்குத் தொற்றியது. பலருக்குக் கண் சிவந்ததோடு போயிற்று. அங்கும் ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவியதாகக் காணவில்லை.

பிறகு உலகம் ஏன் பதறுகிறது? 2003லிருந்து பல நாடுகளில் சேர்த்து 900 பேருக்கு மேல் வந்து, அதில் பாதிக்கு அருகில் இறந்திருக்கிறார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் ஏறாமல் போயிருக்கலாம், ஆனாலும் பொல்லாத கிருமிதான். அது அடிக்கடி உரு மாறுகிறது. ஒரே ஆளுக்கோ ஒரே பன்றிக்கோ மனிதச் சளிக்காய்ச்சல் கிருமியும் இதுவும் ஒரே நேரத்தில் வந்தால், இரண்டும் கலந்து மனிதரிடம் சுலபமாகப் பரவும் புதுக்கிருமி பிறக்க வழியிருக்கிறது. ஒளித்து வைத்த ஒவ்வொரு சீக்குக் கோழியும், வெறுங்கையால் அறுத்த ஒவ்வொரு சீக்குக் கோழியும் அதற்கு நாமே கொடுக்கிற இன்னொரு வாய்ப்பு. உங்கள் கொல்லையில் செத்த மூன்று கோழியை ஆஸ்பத்திரியில் சொல்வது அவ்வளவு பெரிய காரியம், மகளே.

நாரைகளை விரட்டுவது வேண்டவே வேண்டாம். வலசைப் பறவைகளில் இந்தக் கிருமி இருக்கலாம், அது பொய்யில்லை. ஆனால் வெடி போட்டால் அவை நாலா பக்கமும் சிதறி, நோய் இருந்தால் அதையும் இன்னும் பத்துக் கண்மாய்க்குக் கொண்டுபோகும். திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை நினைத்துப் பாருங்கள். கொள்ளுகுடிப்பட்டிச் சனங்கள் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்குக் கூட வெடி போடாமல் அந்த நத்தைக்குத்தி நாரைகளையும் சாம்பல் நாரைகளையும் காத்து வருகிறார்கள். நாம் செய்ய வேண்டியது, பறவை இறங்குகிற காலத்தில் நம் கோழியை ஊருணிப் பக்கம் விடாமல் இருப்பது, ஊருணித் தண்ணியைக் கோழிக்கு ஊற்றாமல் இருப்பது. அது போதும்.

பதில்: வார்டு சிஸ்டர், தேவகோட்டை

அக்கா, ஐயா கோழியப் பத்தி சொல்லிட்டாங்க, நான் பிள்ளையப் பத்தி சொல்றேன். இந்த வயசுப் பிள்ளைகளுக்கு மூக்கொழுகுற காய்ச்சல் ஸ்கூல்லருந்தே வரும், முக்காவாசி அதாத்தான் இருக்கும். ஆனா டாக்டர்கிட்ட போனதும் முதல் வார்த்தையா, "வீட்டுல கோழி செத்துருக்கு, பிள்ளை அதத் தொட்டான்"னு சொல்லுங்க. இத நம்ம ஆளுக சொல்றதே இல்ல, காய்ச்சல்னு மட்டும் சொல்லி ஊசி போட்டுக்கிட்டுப் போயிருவாங்க. சொன்னாத்தான் மூக்குலயும் தொண்டையிலயும் மாதிரி எடுக்கணுமான்னு அவங்க யோசிப்பாங்க. சந்தேகம் பலமா இருந்தா ஓசெல்டாமிவிர் மருந்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம ஆரம்பிப்பாங்க, டாமிஃப்ளூன்னு சொல்வாங்களே அதான். ரெண்டு நாளைக்குள்ள ஆரம்பிச்சா நல்லா கேக்கும். மெடிக்கல்ல நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுக்காதீங்க, வைரஸுக்கு அது எடுபடாது.

மூச்சு வேகமா வாங்குனாலோ, மூச்சு இழுக்கையில விலாவுக்கு உள்ள குழி விழுந்தாலோ, பிள்ளை சோர்ந்து போயி சாப்பாடு தண்ணி எறங்காமக் கெடந்தாலோ ராத்திரின்னும் பாக்காம உடனே தூக்கிட்டு வாங்க. கோழியத் தொட்ட நாள்லருந்து பத்து நாளைக்கு வீட்டுல எல்லாரும் உடம்பக் கவனிங்க. அதுவரைக்கும் அவன ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க. பாத்துக்குறவங்க மாஸ்க் போட்டுக்கிட்டா நல்லது. சந்தேகம்னா 104லயும் கேக்கலாம்.

நம்ம நாட்டுலயும் இதால உயிர் போயிருக்குங்கிறதால சொல்றேன். 2021ல ஹரியானாவச் சேர்ந்த ஒரு பையன் டெல்லி எய்ம்ஸ்ல இறந்தான். 2025ல ஆந்திராவுல நரசராவ்பேட்டையில ரெண்டு வயசுக் குழந்தை இறந்துச்சு. பச்சைக் கறித் துண்டு ஒண்ணக் குழந்தை தின்னதா வீட்டுல சொன்னதாச் செய்தியில வந்துச்சு. கறி நறுக்குற எடத்துல பிள்ளைகள விடாதீங்க. ஆஃப்பாயிலும் இப்போதைக்கு வேணாம்.

பதில்: பிராய்லர் கடை, காரைக்குடி

ஐயா, நான் சந்தைக்குக் கொண்டுபோகச் சொன்னத எடுத்துக்க வேணாம், தங்கச்சி. ஆனா எங்க கடையில வேலை பாக்குற பயலுக நாள் முழுக்க உறிச்சுக்கிட்டே இருக்காங்களே, அவங்களுக்கு என்ன செய்யணும்?

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்றக்குடி

தம்பி, நல்ல கேள்வி. செத்து வந்த கோழியையும் தூங்கி வழிகிற கோழியையும் லோடு இறக்கும்போதே ஒதுக்கிவிடுங்கள், கத்தி அதன்மேல் படவே கூடாது. பையன்களுக்கு கையுறை, மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள். கண்ணில் தெறிப்பதுதான் முக்கியம், பாதிப் பேர் அதை மறந்துவிடுகிறார்கள். வருசத்துக்கு ஒருமுறை சாதாரண ஃப்ளூ தடுப்பூசி போட வையுங்கள். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது, ஆனால் நான் மேலே சொன்ன அந்த இரண்டு கிருமியும் ஒரே உடம்பில் சேரும் வாய்ப்பைக் குறைக்கும். வேலை முடிந்ததும் குளித்து, துணி மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும்.

பதில்: கீழச்சிவல்பட்டி மருமகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பாத்தாங்க. தொண்டையிலயும் எச்சத்துலயும் பஞ்சுக்குச்சி வச்சு எடுத்துருக்காங்க, கவர்ல வச்சிருந்ததயும் கொண்டுபோயிட்டாங்க. பாத்தா கழிச்சல் மாதிரிதான் இருக்கு, ரிசல்ட் வரட்டும்னாங்க. பையனுக்குக் காய்ச்சல் இறங்கிருச்சு. ஜிஹெச்சுல கோழி விசயத்தச் சொன்னதும் தனியா உக்கார வச்சு மூக்குல மாதிரி எடுத்தாங்க. வீட்டுக்காரருக்கும் ஐயா எழுதுனத அப்படியே அனுப்பிட்டேன்.

இன்னும் ஒண்ணு கேக்கணும். அடைக்கோழி ஒண்ணு முட்டையில உக்காந்திருக்கு, இன்னும் ஒரு வாரத்துல பொரிச்சுரும். முட்டைய எடுத்துறணுமா, விடலாமா? பக்கத்து வீட்டு அக்கா குஞ்சு கேட்டிருந்தாங்க.

பதில்: ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர், குன்றக்குடி

அடை இருக்கட்டும், கலைக்க வேண்டாம். மற்ற கோழிகளோடு சேராமல் தனி மூலையில், தனித் தண்ணீர், தனித் தீனி வையுங்கள். முதலில் அதற்குத் தீனி வைத்து முடித்துவிட்டுப் பிறகு மற்றதன் பக்கம் போங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். குஞ்சோ முட்டையோ ரிசல்ட் வரும் வரை வாசலைத் தாண்டக் கூடாது, பக்கத்து வீட்டுக்கும் கூடாது. கழிச்சல் என்று வந்தால், குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, எட்டாவது வாரம் ஊசி. சனிக்கிழமைகளில் மாட்டாஸ்பத்திரியில் போடுவார்கள், பிப்ரவரி முகாமிலும் போடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவையும் அவர்கள் கோழிகளோடு கூட்டிக்கொண்டு போங்கள்.