பின்சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றுவது: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஒன்டாரியோவுக்கு வந்து பழைய கார் வாங்கியவர்களுக்கு, முதல் குளிர்காலம் முடிந்ததும் பெரும்பாலும் பிரேக் செலவு வந்து நிற்கும். ஊரில் தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டு டீ குடித்துத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருக்கும். இங்கே பில்லில் பேடின் விலையைவிடக் கூலிதான் கனமாக இருக்கும். பேடை நீங்களே மாற்றலாம். ஆனால் பேடை மட்டும் மாற்றினால் போதாது என்பதைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருகிறேன்.

பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால் பின் பிரேக்குக்கு வேலை குறைவு. வேலை குறைந்த இடத்தில் துரு சுலபமாக ஏறும். போதாததற்கு, சாலையில் கொட்டும் உப்பு பனி உருகிய தண்ணீரோடு காலிப்பருக்குள் (பேடை, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் அழுத்தும் பிடிப்பான்) போகிறது. காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் இறுகிவிட்டால், பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) பக்கத்து உள் பேட் மட்டும் தேய்ந்துகொண்டே போகும். சக்கரத்தின் இடுக்கு வழியே பார்த்தால் வெளிப் பேட் நன்றாகத் தெரியும். உள் பேட் வெறும் தகடாகியிருக்கும். அதனால் வெளிப்பக்கம் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். எந்தப் பேடிலாவது உரசும் பகுதி, தகடு நீங்கலாக, 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், அந்த அச்சின் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

வேலைக்கு நல்ல நேரம் ஏப்ரலும் நவம்பரும். குளிர்கால டயர் மாற்றச் சக்கரத்தை எப்படியும் கழற்றுவீர்கள்.

பேட் வாங்கும் முன் உங்கள் காரின் ஹேண்ட் பிரேக் எந்த வகை என்று பாருங்கள். பொத்தானை இழுத்துப் போடும் மின்சார வகையென்றால் (2016 முதல் வந்த ஹோண்டா சிவிக் போல) முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்குக் (ஹேண்ட் பிரேக் மோட்டார் பின்வாங்கி நிற்கும் நிலை) கொண்டுபோக வேண்டும். அதற்கான முறை மாடலுக்கு மாடல் வேறுபடும். அப்படிச் செய்யாமல் பிஸ்டனை அழுத்தினால் அந்த மோட்டார் கெட்டுவிடும். கேபிள் வகையில் பல கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள வேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. கிளாம்ப் வைத்து நெருக்கக் கூடாது. டிஸ்க்குக்குள் சிறிய டிரம் உள்ள வகையில் மட்டும் பிஸ்டன் நேராக உள்ளே போகும். சில கொரோலாக்களில் பின்னால் டிரம் பிரேக்தான். அதற்கு இந்தக் குறிப்பு பொருந்தாது.

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். காரோடு வரும் ஜாக் பஞ்சரான டயரை மாற்ற மட்டுமே. ஜாக் ஸ்டாண்டில் (காரைத் தாங்கி நிற்கும் முட்டுக்கால்) ஏற்றாத காரின் அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். வீட்டில் உங்களை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். எது எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். காலிப்பரைக் கழற்றியதும் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் குழாய் அதன் எடையைத் தாங்கக் கூடாது.

இனிதான் உண்மையான வேலை. பேட் உட்காரும் இரண்டு முனைகளிலும் மெல்லிய எஃகு கிளிப் இருக்கும். அதைக் கழற்றினால் அடியில் துரு அடை அடையாகப் பிடித்திருக்கும். இந்தத் துருதான் கிளிப்பைத் தூக்கிப் பேடை நெரிக்கிறது. வயர் பிரஷ்ஷாலும் அரத்தாலும் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்தெடுத்துப் புதுக் கிளிப்பைப் போடுங்கள். புதுப் பேட் விரலால் தள்ளினாலே நகர வேண்டும். சுத்தியால் தட்டித்தான் உட்காருகிறது என்றால் துரு இன்னும் பாக்கி. அடுத்து ஸ்லைடு பின்களை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக்குக்கான சிலிக்கோன் அல்லது செராமிக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும். இரண்டு பின்களும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் பல கார்களில் ஒன்றில் மட்டும் ரப்பர் வளையம் உண்டு. இடம் மாற்றிப் போடாதீர்கள். ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். விலை அற்பம்.

தூசியை வாயால் ஊதாதீர்கள். பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள். நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த பேடுகளைக் கனடா 2018 இறுதியில்தான் தடை செய்தது. பழைய காரில் என்ன இருக்கிறதோ!

பிஸ்டனைத் தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டி நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்டில் பட்டால் அரித்துவிடும். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்: சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர், கொரோலாவுக்கு 103. காரை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது. பிறகு ஆளில்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதைச் சில முறை, இடைவெளி விட்டுச் செய்தால் பேட் டிஸ்க்கோடு படிந்துவிடும்.

என்னிடம் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில்:

அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலத்தடி பார்க்கிங்கில் செய்யலாமா? பல கட்டடங்களில் விதி அனுமதிக்காது. வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள்; சொந்த டிரைவ்வே உள்ள நண்பரின் வீட்டில் செய்வதே நல்லது.

டிஸ்க்கையும் மாற்ற வேண்டுமா தம்பி என்றால், குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலும், பேட் உரசும் பரப்பில் துரு குழிகுழியாக இருந்தாலும் மாற்றுங்கள். ஓரத்தில் மட்டும் துரு என்றால் பயமில்லை. கடைசியாக ஒன்று: வேலை முடிந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.